கழுத்து ஜவ்வு விலகலுக்கு லேசர் வைக்கலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 16 வருடமாக மைக்ரோஸ்கோப் பார்க்கும் வேலை. 3 வருடமாகக் கழுத்து வலி. 6 மாதமாக வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சி5, சி6 எனப்படும் ஐந்தாவது, ஆறாவது கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மையத்தில் 12 தடவை லேசர் வைத்தால் ஜவ்வு உள்ளே போய்விடும் என்று சொல்லி 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் கேட்கிறார்கள். இன்னோர் இடத்தில், கத்தி வைக்காமல் ஊசி வழியாக லேசர் விட்டு ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். "லேசர் நல்லதா?" என்று கேட்டு முடித்துவிட்டீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், இன்னும் 5 மாதம்தான் இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகுதான் கேள்வி முழுதாகப் புரிந்தது. பிதுங்கிய ஜவ்வு திரும்ப உள்ளே போகுமா, இந்தப் பணத்தைக் கட்டினால் அது நடக்குமா, தைப்பூசத்துக்குள் கழுத்து தாங்குமா. இந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பினாங்கில் 23 வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். முதல் 11 வருடம் அரசாங்க மருத்துவமனையில் இருந்தேன், இப்போது ஜெலுத்தோங் பக்கம் ஒரு சிறிய மையத்தில் வேலை. எங்களிடமும் லேசர் இயந்திரம் இருக்கிறது, வாரத்தில் பல நாள் அதைக் கையில் எடுக்கிறேன். ஆகவே லேசரைத் தூக்கிப்பிடிக்கவோ தூற்றவோ இதை எழுதவில்லை. அறுவை சிகிச்சை என் துறை இல்லை. ஊசி வழி லேசரைப் பற்றி நான் சொல்வதெல்லாம் படித்ததும், அதைச் செய்துகொண்டு பிறகு எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர்களைப் பார்த்ததும்தான். உங்கள் கழுத்தையும் கையையும் நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இரண்டு இடத்திலும் "லேசர்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சிகிச்சைகள். முதலாவது, தோலின் மேல் வைக்கும் லேசர். உடம்பில் எதையும் குத்துவதில்லை, வெட்டுவதில்லை. சில நிமிடம் பிடரியில் ஒளி பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டாவது, ஜவ்வுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி, அதன் வழியாக மெல்லிய ஒளியிழையை விட்டு, உள்ளே இருக்கும் கூழில் கொஞ்சத்தை ஆவியாக்குவது. இது ஆப்பரேஷன் அறையில் நடப்பது. பெயர் ஒன்றாக இருப்பதால், ஒன்றின் வேலையை இன்னொன்றின் கணக்கில் எழுதி விற்பது எளிதாகிவிடுகிறது. உங்கள் முதல் மையம் சொன்னது அப்படிப்பட்ட பேச்சுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஜவ்வு என்று நாம் சொல்லும் டிஸ்க், கொழுக்கட்டை மாதிரி. வெளியே நாரால் ஆன கெட்டியான வளையம், உள்ளே பூரணம் மாதிரி கூழ். நார் வளையம் வயதாலும் உழைப்பாலும் தளரும்போது கூழ் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பின்பக்கமாகத் தள்ளினால் அங்கே தண்டுவடமும் கைக்குப் போகும் நரம்பு வேர்களும் இருக்கின்றன. இப்போது உங்கள் விரலைப் பிடரியில் வையுங்கள். அந்த விரலுக்கும் ஜவ்வுக்கும் நடுவே தோல், கொழுப்பு, அடுக்கடுக்காகத் தசைகள், முதுகெலும்பின் பின்வளைவு, அதற்கும் உள்ளே தண்டுவடம், இவ்வளவையும் தாண்டி முன்னால்தான் ஜவ்வு இருக்கிறது. தோலில் படும் லேசர் ஒளியின் பெரும்பகுதி மேலே உள்ள ஓரிரு சென்டிமீட்டருக்குள்ளேயே சிதறியும் உறிஞ்சப்பட்டும் போய்விடுகிறது. எனவே தோலில் வைக்கும் லேசர் பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் அப்படி உறுதி சொன்னாலும், அந்த உறுதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் ஜவ்வு தானாகவே சுருங்குவது உண்டு. வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டுதான், லேசாகப் பிதுங்கியதைவிட அதிகமாகக் கரைகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில், 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வேர் பாதிப்பு வந்த 561 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தபோது 90 விழுக்காட்டினர் வலியே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, மற்றவர்கள் அது இல்லாமலே தேறினார்கள். ஆக, 3 மாதம் லேசர் வைத்துக்கொண்ட ஒருவருக்கு மறு ஸ்கேனில் ஜவ்வு சுருங்கித் தெரிந்தால், சுருக்கியது லேசரா காலமா என்பதை அந்த ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் தோலில் வைக்கும் லேசர் வீணா என்றால், அதுவும் இல்லை. வலியைக் குறைக்கும் சக்தி அதற்கு இருக்கிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் 16 ஆய்வுகளை, மொத்தம் 820 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்கு, வலியை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டால் சராசரியாக 20 மதிப்பெண் அளவுக்குக் குறைந்தது. சிகிச்சை முடிந்து 22 வாரம் வரைக்கும் பலன் தெரிந்தது. சரி, இதோடு நிறுத்திவிட்டால் நானும் உங்களிடம் விற்பவன் ஆகிவிடுவேன். 2013இல் வேறொரு குழு 8 ஆய்வுகளை, 443 பேரை, எடுத்துப் பார்த்துவிட்டு, ஆய்வுக்கு ஆய்வு முடிவு மிகவும் வேறுபடுகிறது, கிடைக்கும் நன்மையும் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிதாக இல்லை என்று எழுதியது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது, இந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் சாதாரணக் கழுத்து வலி, தசைப்பிடிப்புக்காரர்கள். விரல் மரத்துப்போகும் உங்கள் நிலையில் இருந்தவர்கள் குறைவு. நரம்பு பாதித்தவர்களை வைத்து 2010இல் பெல்கிரேடில் 60 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கை வலி குறைந்ததாகவே முடிவு வந்தது, ஆனால் அவர்கள் எல்லோரும் புதிதாக வலி தொடங்கியவர்கள். 3 வருட வலிக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்கும் இடத்தில் ஒளி பட்டு அங்கே வேலை வேகமாகிறது, வலியைக் கடத்தும் மெல்லிய நரம்புகள் கொஞ்ச நேரம் மந்தமாகின்றன, வீக்கம் தணிகிறது என்று விளக்குகிறார்கள். 1960களின் கடைசியில் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், சிரைத்த எலிகளின் முதுகில் மெல்லிய லேசரைப் பட வைத்தபோது முடி வேகமாக வளர்வதைக் கண்டார். இந்த வகைச் சிகிச்சைக்கு வித்து அதுதான். ஆய்வுக்கூடத்தில் இவை உண்மை. உங்கள் கழுத்துத் தசைக்குள் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. என் கை அனுபவம் எப்படியென்றால், கழுத்தைத் திருப்பவே முடியாமல் வருபவர்களில் பலருக்கு 3, 4 தடவைக்குள் இறுக்கம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சி வந்ததும் பயிற்சி கொடுக்க முடிகிறது. பயிற்சி செய்யாதவர்கள் சில மாதத்தில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள். என் இடத்தில் நான் பார்த்தது இது, ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, லேசர் வைத்தோம் என்று சொல்வது, மாத்திரை சாப்பிட்டோம் என்று சொல்வது மாதிரி. எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம். லேசருக்கு அளவு ஜூல். வாட்டை வினாடியால் பெருக்கினால் வரும். 100 மில்லிவாட் இயந்திரத்தை ஒரு புள்ளியில் 30 வினாடி வைத்தால் 3 ஜூல். லான்செட் கட்டுரையில் பலன் தெரிந்த அளவு, 820 முதல் 830 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியில், ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 1 முதல் 9 ஜூல். உங்கள் மையத்தில் இந்த மூன்றைக் கேளுங்கள்: எத்தனை நானோமீட்டர், எத்தனை வாட், ஒரு புள்ளியில் எத்தனை வினாடி. சொல்லத் தெரிந்தவர் கையில் உங்கள் கழுத்தைக் கொடுக்கலாம். "இது புது மெஷின், ஜெர்மன் மெஷின்" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து, அதுதான் லேசர் என்று நினைக்கவும் வேண்டாம். கழுத்துக்கு வைக்கும் ஒளி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, சிவப்புப் புள்ளி இடம் காட்டுவதற்கு வைத்திருப்பது. கண்ணுக்குத் தெரியாததாலேயே அது ஆபத்து. உங்களுக்கும் வைப்பவருக்கும் அந்த ஒளிக்கேற்ற கண்ணாடி போடாமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது. இணையத்தில் விற்கும் சிவப்பு விளக்குப் பட்டைகள் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகள்தான்.

நம்மவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். அரை வாட்டுக்கு மேல் போகும் இயந்திரங்களை நாலாம் வகுப்பு லேசர் என்பார்கள். அவை சூடு தரும். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால், கறுத்த தோல் சீக்கிரம் சூடாகும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே நமக்கு வைத்து, ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் சுட்டுவிடும். 2 வருடத்துக்கு முன் ஒரு லோரி ஓட்டுநர், வேறோர் இடத்தில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். சட்டைக் காலரைத் தள்ளிக் காட்டினார். பிடரியில் 20 காசு அளவில் ஒரு கொப்புளம், அதைச் சுற்றிக் கறுத்த வளையம். சூடு தெரிந்தபோது சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னேன் அண்ணே, சூடு இருந்தாத்தான் வேலை செய்யும்னாங்க" என்றார். அது தவறு. இதமான சூடு இருக்கலாம், சுருக்கென்று சுடக் கூடாது. சுட்டால் அந்த நொடியே கையைத் தள்ளிவிடுங்கள். கோடாலித் தைலம் தேய்த்திருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். பச்சை குத்திய இடத்தில் வைக்கக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் தைராய்டு மேலும், புற்றுநோய் இருக்கும் அல்லது இருந்த இடத்தின் மேலும் வைக்கக் கூடாது.

ஊசி வழி லேசருக்கு வருகிறேன். 1986இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஆஷர், சோய் என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் மனிதருக்குச் செய்தார்கள், அதுவும் இடுப்பு ஜவ்வுக்கு. யோசனை எளிது. ஜவ்வு மூடிய பை மாதிரி இருப்பதால், உள்ளிருந்து கொஞ்சம் கூழை எடுத்தாலே அழுத்தம் நிறையக் குறையும், நரம்பின் மேல் இருக்கும் பாரமும் இறங்கும். இது பொருந்துவது வெளி வளையம் கிழியாமல் பிதுங்கி மட்டும் இருக்கும் ஜவ்வுக்கு. கூழ் வெளியே வந்து தனித்துண்டாகக் கிடந்தாலோ, ஜவ்வு வற்றி உயரம் குறைந்திருந்தாலோ, எலும்பு முள் வளர்ந்து நரம்பின் வாசலை அடைத்திருந்தாலோ இதனால் பயன் இல்லை, லேசர் அங்கே எலும்பைக் கரைக்காது. 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கழுத்தில் எலும்பு முள் இருப்பது சாதாரணம், அதனால் உங்கள் அறிக்கையில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு ஜவ்வுக்கு நெதர்லாந்தில் 115 பேரை வைத்து, வழக்கமான அறுவை சிகிச்சையோடு இதை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தன. ஆனால் லேசர் பிரிவில் 38 விழுக்காட்டினருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, மற்றப் பிரிவில் 16 விழுக்காட்டினருக்கு. கழுத்துக்கு இருப்பவை பெரும்பாலும் ஒரு மருத்துவர் தன் நோயாளிகளைத் தொகுத்து எழுதியவை, இன்னொரு சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவை குறைவு. கழுத்தில் ஊசி முன்பக்கமாகப் போகிறது, மூச்சுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவில். சிக்கல் வருவது அபூர்வம் என்கிறார்கள். வந்தால் ஜவ்வில் கிருமி, பக்கத்து எலும்பில் சூட்டுக் காயம், நரம்புக் காயம் என்று பெரிதாகவே வரும். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர், உங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிலையத்தோடு தொடர்பில்லாதவராக இருந்து, "உங்களுக்கு இது பொருந்தும்" என்று சொன்னால் ஒழிய நான் என் சொந்தத் தங்கையை இதற்கு அனுப்ப மாட்டேன்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் விரல் மரத்துப்போவது கழுத்திலிருந்துதான் என்று யாராவது சோதித்துச் சொன்னார்களா? சி5, சி6 நடுவே நசுங்கும் நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் போவது உண்மைதான். ஆனால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் பிரச்சினையும் கிட்டத்தட்ட அதே விரல்களில்தான் வரும். மணிக்கட்டை மடக்கியபடி நாள் முழுக்கச் சின்னப் பொருளைத் திருகிப் பார்க்கும் உங்கள் வேலையில் அது வருவதற்கு நிறைய வாய்ப்பு. வீட்டில் கவனியுங்கள். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? அப்படியென்றால் மணிக்கட்டை நினைக்க வேண்டும். வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் கை வலி குறைகிறதா? தலையைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பினால் கைக்குள் மின்சாரம் பாய்வது போல இறங்குகிறதா? அப்படியென்றால் கழுத்து. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. கூடவே சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரையும் நரம்பை மரக்கச் செய்யும், மணிக்கட்டு நரம்பையும் சீக்கிரம் நசுங்க வைக்கும். பிரச்சினை மணிக்கட்டில் இருக்க, கழுத்துக்கு 12 தடவை லேசர் வைத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் பிதுக்கம் இருக்கிறதே என்பீர்கள். ஜப்பானில் எந்த வலியும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 விழுக்காட்டினருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது. ஸ்கேன் பொய் சொல்வதில்லை, ஆனால் அதில் தெரியும் எல்லாமே வலிக்குக் காரணம் ஆகிவிடாது. கையில் தெரியும் அறிகுறியும் படத்தில் தெரியும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த அறிகுறிகள் வந்தால் லேசர், பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரவிக்கைக் கொக்கி மாட்டுவது, சில்லறை பொறுக்குவது போன்ற சின்ன வேலைக்கு இரண்டு கையும் தடுமாறுவது. நடக்கும்போது கால் தள்ளாடுவது. சிறுநீரை அடக்க முடியாமை, அல்லது வராமை. கை நாளுக்கு நாள் பலம் குறைந்து பாத்திரம் நழுவுவது. தலையைக் குனிந்தால் முதுகு வழியாகக் கால் வரை ஷாக் அடிப்பது. தண்டுவடம் நசுங்கும்போது வருபவை இவை, காத்திருந்தால் இழந்தது திரும்பி வராமல் போகலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, ராத்திரி முழுக்க விடாத வலி, இவையும் அப்படியே. இடது கையோடு நெஞ்சும் தாடையும் வலித்தால் அதைக் கழுத்து என்று நினைக்கவே வேண்டாம்.

அந்த ஆபத்து எதுவும் இல்லையென்றால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் செலவில்லாதது. மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய அதைத் தாங்க பிடரித் தசை பல மடங்கு இழுக்க வேண்டும். நீங்கள் அதை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் 12 மணி நேரம் செய்கிறீர்கள். எங்களிடம் வந்த ஒரு மைக்ரோஸ்கோப் ஆப்பரேட்டரை, வேலையில் உட்காருவது போலவே உட்காரச் சொன்னேன். நாற்காலி உயரம், கண்ணாடிக் குழல் தாழ்வு, அதனால் ஆமை மாதிரி தாடையை முன்னுக்கு நீட்டி எட்டிப் பார்க்கிறார். மேற்பார்வையாளரிடம் பேசி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தி, முழங்கை ஊன்ற மெத்தை வைத்தார்கள். அவருக்கு நான் செய்த எந்தச் சிகிச்சையையும்விட அந்தப் பலகை அதிகம் உதவியது. உங்கள் இடத்திலும் கேளுங்கள். வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி. 2017இலேயே இதற்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, பாதுகாப்பு அதிகாரியிடம் அதைச் சொல்லிக் கேட்கலாம். அரை மணிக்கு ஒரு தரம் கண்ணை எடுத்து, தோளை 5 தடவை பின்னால் உருட்டுங்கள். அப்புறம், விடிகாலை தொழிற்சாலைப் பேருந்தில் தலை தொங்கத் தூங்குவீர்கள் அல்லவா, அங்கே ஒரு கழுத்துத் தலையணை வேண்டும்.

பயிற்சியில் முதலாவது, மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்பது போலத் தாடையை மெல்ல உள்ளிழுத்து 10 வினாடி பிடிப்பது, 10 தடவை. இரண்டாவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கீழே இழுத்துப் பிடிப்பது. கை மரப்பு கூடினால் நிறுத்துங்கள். கூடாவிட்டால் நாள்தோறும், 6 வாரம் விடாமல். நரம்பை இளக்கும் பயிற்சியும் உண்டு, அதை எழுத்தில் சொன்னால் தவறாகச் செய்துவிடுவீர்கள், நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை முறுக்கி நெட்டி எடுப்பவர்களிடம், கை மரத்துப்போகும் இந்த நிலையில் போக வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். 6 மாதம் ஆகியும் விரல் மரப்பு நிற்கவில்லை, எனவே ஒரு நிபுணர் பார்க்க வேண்டிய கட்டம் இது. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பதிந்து, எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, பினாங்கு மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். நிபுணர் கிளினிக்கிலும் நமக்குக் கட்டணம் குறைவுதான், காத்திருக்கும் நாள்தான் அதிகம். பிசியோவும் அங்கேயே உண்டு. வேலையால் வந்தது என்று மருத்துவர் எழுதினால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் தொழில் நோயாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது, எம்.சி. (மருத்துவ விடுப்பு) தாள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு லேசரும் வைத்துப் பார்க்க ஆசை என்றால், 12 தடவைக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். 4 தடவைக்கு மட்டும் கட்டி, முதல் நாளும் நாலாம் நாளும் கழுத்து எவ்வளவு திரும்புகிறது, வலி 10க்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் அதோடு நிறுத்துங்கள். வைப்பவர் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டா, இயந்திரம் மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை, மருத்துவக் கருவிகளுக்கான சட்டம் 737 கருவியைப் பதிவதற்காகத்தான் இருக்கிறது.

தைப்பூசம். பினாங்கு முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையில் 500க்கும் மேற்பட்ட படி. பால் நிரம்பிய குடத்தைத் தலையில் வைத்தால் அந்தப் பாரம் நேராக சி5, சி6 மேல்தான் இறங்கும், கூட்டத்தில் ஒரு கை பட்டுத் தலை திரும்பினால் இன்னும் மோசம். விரல் மரப்பு முழுதாக நின்று 2 மாதமாவது ஆகியிருந்தால், சின்னக் குடமாக, பக்கத்தில் ஒருவர் துணையோடு எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவர் சொல்லக்கூடும். நிற்கவில்லை என்றால் தலையில் வைக்கவே வேண்டாம். என் அம்மாவுக்கும் கழுத்தில் இதே பிரச்சினை இருந்தது. கோயிலில் குருக்களிடம் சொன்னோம். சிறிய செம்பில் பாலை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நீங்களும் குருக்களிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். அந்த மூன்று சோதனையையும் இந்த வாரம் செய்து பார்த்து, ராத்திரி கை உதறுகிறீர்களா, கையைத் தலையில் வைத்தால் குறைகிறதா, சாய்த்துத் திருப்பினால் இறங்குகிறதா என்பதையும், எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசிப் பத்தியையும் இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.